இறைச்சிக்கு இடம் விட்டுச் சுமை கட்டுங்கள்
ஹர்டாங்கர்விட்டா மலைமேட்டில் பனிமான் வேட்டைக்குச் செல்வோருக்குச் சில குறிப்புகள்

ஓகஸ்ட் மாதத்தின் பிற்பகுதியில் பேர்கனிலிருந்து ஒஸ்லோ செல்லும் புகையிரதத்தில் பயணிப்போர், முழங்கால் வரை இறப்பர்ச் சப்பாத்தும், உறையிட்ட துவக்கும், பருத்த முதுகுப்பையுமாக ஹௌகஸ்தோல், பின்சே போன்ற சிறு நிலையங்களில் இறங்கிச் செல்லும் மனிதர்களைக் கண்டிருப்பர். எம்மவர்களுட் பலர் இவர்களை மலையேறிகள் என்றே எண்ணிக்கொள்வதுண்டு. இவர்கள் பனிமான் வேட்டைக்குச் செல்பவர்கள். அண்மைக் காலமாக எமக்குத் தெரிந்த தமிழர் சிலரும் தம்மோடு வேலை செய்யும் நோர்வேஜியர்களுடன் இவ்வேட்டைக்குப் புறப்படத் தொடங்கியுள்ளனர். அவர்களுக்காகவும், அடுத்த ஆண்டு போகலாமா என்று யோசித்துக்கொண்டிருப்போருக்காகவும் இதனை எழுதுகின்றோம். உயிர்வதை என்று முகஞ்சுளிக்கும் வாசகர்கள் எம்மைப் பொறுத்தருள்க. எமது வீட்டிலேயே அப்படி ஒருவர் இருக்கின்றார்.

ஹர்டாங்கர்விட்டா என்பது கடல்மட்டத்திலிருந்து 1,100 மீற்றருக்கும் மேலே விரிந்து கிடக்கும் பெருமேடு. இதன் ஒரு பகுதி 1981 ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அப்பூங்காவின் பரப்பு மட்டுமே சுமார் 3,400 சதுர கிலோமீற்றர், யாழ். குடாநாட்டைப் போல் மூன்று குடாநாடுகள் அதனுள் அடங்கும். மரம் என்று சொல்லத்தக்க ஒன்று அங்கில்லை. கல், பாசி, சதுப்பு, ஏரி, ஓயாத காற்று, இவையே உள்ளன. ஐரோப்பாவில் எஞ்சியிருக்கும் காட்டுப் பனிமான் மந்தைகளுள் முக்கியமானவை இங்கும் இதனை அடுத்த மலைகளிலும் வாழ்கின்றன. 2021 ஆம் ஆண்டில் நோர்வேயின் அருகிவரும் உயிரினங்களின் செம்பட்டியலில் காட்டுப் பனிமானும் சேர்க்கப்பட்டது. ஆகவே அனுமதி பெற்று வேட்டையாடுபவர் தாம் வீழ்த்தும் ஒவ்வொரு விலங்குக்கும் பொறுப்புச் சொல்லக் கடமைப்பட்டவர்.

சட்ட விடயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றோம். வேட்டைக்காரர் தேர்வில் சித்தியடைந்து, ஆண்டுக் கட்டணம் செலுத்தியிருக்கவேண்டும். பெரு விலங்கு வேட்டைக்கு ஆண்டுதோறும் 30 பயிற்சிச் சூடுகளும், அதன்பின் 100 மீற்றர் தூரத்தில் ஐந்து சூடுகளும் சுட்டு, ஐந்தையும் குறித்த வட்டத்துள் அடித்துக் காட்டவேண்டும். துவக்கு வாங்குவதற்குக் காவல்துறையின் அனுமதி வேண்டும். வேட்டைக்காலம் வழமையாக ஓகஸ்ட் 20 இல் தொடங்கும். எனினும் நாட்களும் எண்ணிக்கையும் பகுதிக்குப் பகுதி, ஆண்டுக்கு ஆண்டு மாறுபடுவதால் அவ்வாண்டு விதிகளைப் பார்க்காமல் எவரும் புறப்படலாகாது. தஞ்சக் கோரிக்கைக்கு இன்னும் முடிவு வராதிருப்போர் துவக்கைத் தொடாமல் துணையாகச் சென்று சுமை தூக்கலாம். சுமை தூக்குவதற்குத் தேர்வு எதுவும் இல்லை. ஆனால் எமது அனுபவத்தில் இவ்வேட்டையின் பெரும்பகுதி சுமை தூக்குவதே.

கணக்கு இதுதான். இம்மேட்டின் வளர்ந்த பெண்மான் ஒன்றைத் தோலுரித்து, தலை, கால், குடல் நீக்கினால் எலும்போடு 30 கிலோவுக்கு மேல் நிற்கும். எலும்பையும் நீக்கினால் 20 கிலோ அளவு இறைச்சி மிஞ்சும். ஆண்மான் என்றால் இதனைவிட மிகக் கூடுதல். நோர்வேயின் 1977 ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநிலங்களில் பொதுவாக மோட்டார் வாகனம் ஓட்டக்கூடாது. எனவே விலங்கு விழுந்த இடத்திலிருந்து வீதி வரை, பத்தோ பதினைந்தோ கிலோமீற்றராயினும், அதனை மனித முதுகே சுமக்கவேண்டும். போகும்போது எத்தனை கிலோ தூக்க முடியும் என்று பார்த்துப் பை கட்டுபவர், திரும்பும்போது வரப்போகும் 20 கிலோவை மறந்துவிடுகின்றார். நாமும் மறந்தோம்.

எமது முதற் பயணம் எமது தொழிற்சாலையில் வேலை செய்த முதிய நோர்வேஜியர் ஒருவருடன் அமைந்தது. துவக்கும் அனுமதியும் அவருடையவை, நாம் துணையாள். குளிருக்கும் பசிக்கும் அஞ்சி, வீட்டில் கைக்கு அகப்பட்டதையெல்லாம் பையில் அடைத்தோம். நால்வர் படுக்கும் பழைய கூடாரம், அரிசி, ரின்மீன், அலுமினியப் பானை, மாற்றுடைக்கு இரண்டு ஜீன்ஸ், போர்த்துப் படுக்க வீட்டிலிருந்த பருத்திப் படுக்கை விரிப்பு என்று 28 கிலோ வந்தது. கிழவர் எமது பையைத் தூக்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய பை எமது பையின் பாதியளவுகூட இல்லை.

இரண்டாம் நாள் பிற்பகல், வீதியிலிருந்து 11 கிலோமீற்றர் தூரத்தில் அவர் ஒரு பெண்மானை வீழ்த்தினார். இறைச்சியைப் பாதியாய்ப் பிரித்தபோதுதான் எமது பையின் நிலை எமக்கே விளங்கியது. 28 உடன் 11 ஐச் சேர்த்தால் 39 கிலோ. எழுந்து நிற்கவே முடியவில்லை. வேறு வழியின்றி, இறைச்சியை இரண்டு கிலோமீற்றர் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்து பையை எடுப்பது என்று முடிவு செய்தோம். 11 கிலோமீற்றர் வழி அவ்வாறு 33 கிலோமீற்றர் ஆகியது. இரண்டாவது முறை திரும்பிய வேளை மூடுபனி இறங்கிவிட்டது. பத்து மீற்றருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கல்லெல்லாம் ஒரே கல். பையை வைத்த இடம் தெரியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றினோம். கிழவர் தமது ஊதுகுழலை விட்டுவிட்டு ஊதிக்கொண்டிருந்திராவிட்டால் அவரிடமும் மீண்டிருக்கமாட்டோம்.

மறுநாள் நண்பகல் வீதியை அடைந்து பொதியை அவிழ்த்தபோது, நாம் பிளாஸ்ரிக் பையில் கட்டியிருந்த இறைச்சியின் மணம் மாறியிருந்தது. சூடு தணியாத இறைச்சியைக் காற்றுப் புகாமல் மூடினால் அப்படித்தான் ஆகும் என்பது எமக்குத் தெரிந்திருக்கவில்லை. ஏறக்குறைய ஆறு கிலோவை எறிந்தோம். ஓர் உயிரைக் கொன்று அதன் ஊனைக் குழியிலிட்டு மூடிவிட்டு வந்தது எத்தனை ஆண்டு சென்றும் எமக்கு ஆறவில்லை. இக்கட்டுரைக்குக் காரணமும் அதுவே.

சுமையின் தொல்லை இந்நாட்டு வேட்டைக்காரருக்குப் புதிதன்று. இன்று உலகெங்கும் மலையேறிகள் சுமக்கும் சட்டமிட்ட முதுகுப்பையின் முன்னோடிகளுள் ஒன்று ஓர் நோர்வேஜிய வேட்டைக்காரரின் முதுகு வலியிலிருந்து பிறந்தது. ஊலே பேர்கன் என்பவர் 1908 இல் வேட்டையிலிருந்து முதுகு நோகத் திரும்பியபின், கிளையொன்றைத் தமது முதுகின் வளைவுக்கு ஏற்ப வளைத்துப் பையோடு பொருத்தினார். அடுத்த ஆண்டே காப்புரிமையும் பெற்றார். சுமையின் பாரத்தைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்குவதே சட்டத்தின் வேலை. பையில் மிச்சம் பிடிக்கலாம் என்று சட்டமே இல்லாத ஒரு கிலோப் பையை வாங்குவோருக்கு நாம் சொல்வது, அது போகும்போது இன்பம், வரும்போது துன்பம் என்பதே. இறைச்சி சுமக்கும் பை 1.8 அல்லது 2 கிலோ இருக்கலாம். இடுப்புப் பட்டி மட்டும் உறுதியாக இருக்கவேண்டும்.

இதே மேட்டில் 1942 ஒக்டோபரில் வான்குடை மூலம் இறங்கிய நான்கு நோர்வேஜியப் போராளிகளின் கதையையும் இங்கு நினைவுகூரலாம். ஜேர்மனியரின் பிடியிலிருந்த வேமோர்க் கனநீர் ஆலையை அழிக்கும் பணிக்கு முன்னணியாக அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். வானொலிக் கருவி, மின்கலம், உணவு என அவர்களிடமிருந்த பொருட்கள் ஒரே தடவையில் சுமக்கக்கூடியவையாக இருக்கவில்லை. ஆகவே ஒரே வழியை மீண்டும் மீண்டும் நடந்து, பகுதி பகுதியாகக் கொண்டு சென்றனர். உதவிக்கு வந்த மிதவை விமானங்கள் நவம்பரில் விழுந்து நொறுங்கியதால் குளிர்காலத்தை அங்கேயே கழிக்க நேர்ந்தது. உணவு தீர்ந்து பாசியை உண்டிருந்த அவர்கள், நத்தாருக்குச் சற்று முன்பு ஒரு பனிமானை வீழ்த்தி உயிர் பிழைத்தனர். 1943 பெப்ரவரி இறுதியில் ஆலையின் கனநீர்ப் பகுதி தகர்க்கப்பட்டது. அவர்களுக்குச் சுமையைக் குறைக்கும் வாய்ப்பு இருக்கவில்லை. எமக்கு இருக்கின்றது.

எதிலிருந்து குறைப்பது? முதலில் ஒரு தராசு வாங்குங்கள். மீன் நிறுக்கும் தொங்கு தராசு போதும். எல்லாவற்றையும் தனித்தனியே நிறுத்து ஒரு தாளில் எழுதுங்கள். பல நூறு கிராம்கள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்பது அப்போதுதான் தெரியும்.

பெரிய குறைப்பு கூடாரத்திலும் படுக்கையிலும் கிடைக்கும். இருவர் படுக்கும் நல்ல கூடாரம் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். அதன் துணியை ஒருவரும் கம்பிகளை மற்றவரும் சுமந்தால் ஆளுக்கு ஒரு கிலோ. செப்டெம்பரில் அங்கு இரவில் உறைபனி பெய்யும். மெல்லிறகு நிரப்பிய நித்திரைப்பை ஒரு கிலோவளவில் அதனைத் தாங்கும். மெல்லிறகு நனைந்தால் சூடு தராது. ஆகவே நீர் புகாத உறையில் இடாமல் அதனைக் கொண்டுசெல்லக்கூடாது. நிலத்தில் விரிக்கும் நுரைப்பாய் 400 கிராம். அதனை விட்டுவிட்டுப் போகலாம் என்று எண்ணவேண்டாம். குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்தே அதிகம் ஏறும்.

அடுத்தது உணவு. எமது கட்டுச்சோறு மரபு இங்கு உதவாது, ஏனெனில் சோற்றின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரோ அம்மேட்டில் காலடி தோறும் ஓடுகின்றது. அரை லீற்றர்ப் போத்தல் ஒன்றே போதும். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ என்பதை நினைவிற்கொள்க. கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி தரும், மாவும் சீனியும் 4 தரும். எனவே நிலக்கடலை, பாற்கட்டி, வெண்ணெய், ஓட்ஸ், உலர்த்திய இறைச்சி என்று கட்டினால் ஒரு நாளுக்கு 700 கிராமில் சமாளிக்கலாம். எம்மவர் பலகாரங்களுள் எள்ளுருண்டையும் பொரிவிளாங்காயும் இவ்வேலைக்கென்றே செய்தவை போலுள்ளன: நீர் குறைவு, பழுதாகாது, பையில் நசுங்காது. பொரிவிளாங்காயைக் கிழவருக்குக் கொடுத்தோம். பல்லுக்குப் பயந்து கல்லில் வைத்து உடைத்துச் சாப்பிட்டார்.

விறகில்லாத இடமாகையால் அடுப்பு வேண்டும். சிறு எரிவாயு அடுப்பு 100 கிராமுக்குள் கிடைக்கின்றது. ஒரு லீற்றர் நீர் கொதிக்க, காற்று மறைப்பு இருந்தால், ஏறத்தாழ 15 கிராம் வாயு செலவாகும். ஆனால் வெறும் பியூட்டேன் உறைநிலைக் குளிரில் ஆவியாகாது. புரப்பேன் கலந்த குளிர்கால வாயுவைக் கேட்டு வாங்குக. கோடாலியும் பெருங்கத்தியும் வேண்டாம். நான்கு அங்குல அலகுள்ள கூரிய கத்தி ஒன்று ஒரு பனிமானுக்குத் தாராளம்.

துவக்கில் குறைக்கலாமா என்பது பலர் கேட்கும் கேள்வி. குறிநோக்கியோடு 3.5 கிலோ என்பது வழமை. இரண்டரைக் கிலோத் துவக்குகளும் விற்கின்றனர். எடை குறையக் குறைய உதைப்புக் கூடும், மூச்சு வாங்கும் வேளையில் குழல் ஆடும். காயப்பட்டு ஓடும் மானைத் தேடி அலைவது ஒரு கிலோவைச் சுமப்பதைவிடக் கொடிது. எனவே நாம் துவக்கில் கை வைப்பதில்லை. சன்னத்தில் குறைக்கலாம். இங்கு பெரிதும் வழக்கிலுள்ள 6.5 × 55 வகைத் தோட்டா ஒன்று ஏறக்குறைய 24 கிராம். இருபது கொண்ட பெட்டிக்குப் பதில் பத்து எடுத்தால் கால் கிலோ மிச்சம். பத்தும் தேவைப்படுபவர் மீண்டும் பயிற்சித் திடலுக்குச் செல்வது நன்று. தொலைநோக்கியிலும் பெரியதற்குப் பதில் அரைக் கிலோவில் 8 × 30 அளவுள்ளதை எடுக்கின்றோம். வீட்டில் விட்டுச் செல்வதற்கோ மனமில்லை. ஒரு நாளின் பெரும்பகுதி மேட்டில் அமர்ந்து பார்ப்பதிலேயே கழியும்.

அமர்ந்திருக்கும் அந்த நேரந்தான் ஆபத்தானது. நடந்து வியர்த்த உடல் காற்றில் குளிரும். பருத்தி ஈரத்தை விடாது. வெப்ப நாட்டில் பிறந்த எமக்குப் பருத்தியே உடுப்பு என்ற எண்ணம் எளிதில் போகாது. மலையிலே அதனைக் கைவிடுங்கள். உடலோடு ஒட்டி அணிய மெல்லிய கம்பளி வேண்டும். நோர்வேஜியர் விரும்பி அணியும் வலைப் பெனியனுக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. 1933 இல் ஹென்றிக் புறூன் எனும் இராணுவ அதிகாரி பழைய மீன்வலையிலிருந்து அதனை முதலிற் செய்தாராம். வலைக்கண்களில் நிற்கும் காற்றே சூட்டைக் காக்கின்றது. எடையோ ஒன்றுமில்லை. மாற்றுடை என்று ஒரு கம்பளி உள்ளாடையும் இரண்டு சோடிக் காலுறையும் போதும். இரண்டாவது ஜீன்ஸ் அல்ல, முதலாவது ஜீன்ஸே அங்கு வேண்டாத பொருள்.

குறைக்கக் கூடாதவை சில உண்டு. அமரும்போது அணியும் தடித்த மேலங்கி, மழையங்கி, தாளில் அச்சிட்ட வரைபடம், திசைகாட்டி, முதலுதவிப் பொதி, தலை விளக்கு, ஊதுகுழல், காற்றுப்பை ஆகியன அவை. காற்றுப்பை என்பது இருவர் உள்ளே புகுந்து இருந்து புயலைக் கழிக்கும் துணிப்பை. மேட்டின் அடிவாரத்திலுள்ள ஒட்டா நகரத்தின் யெர்வென் போர்வையும் இவ்வேலைக்கே வேட்டைக்காரரிடையே பெயர் பெற்றது. கைத்தொலைபேசியை மட்டும் நம்பிச் செல்வோர், அங்கு பல பள்ளங்களில் அலைவரிசை கிடையாது என்பதையும், குளிரில் மின்கலம் விரைவில் இறங்கிவிடும் என்பதையும் அறிந்திருக்கவேண்டும். செய்மதி மூலம் உதவி கோரும் கருவிகள் இப்போது 100 கிராமில் கிடைக்கின்றன. இருவர் சேர்ந்து ஒன்று வாங்கலாம். இடி முழங்கினால் மேட்டுச் சிகரத்திலிருந்து உடனே இறங்குங்கள். 2016 ஓகஸ்டில் இதே ஹர்டாங்கர்விட்டாவில் ஒரே இடிமழையில் 323 பனிமான்கள் மின்னல் தாக்கி மாண்டன.

வெந்நீர்க் குடுவை சுமையா, அவசியமா என்று எம்மிடம் கேட்காதீர்கள். நிரப்பினால் ஒரு கிலோ. தேநீர் இல்லாத மலைக்கு நாம் போவதில்லை.

இனி இறைச்சி. விழுந்த மானின் குடலைத் தாமதியாது அகற்றி, தோலுரித்து, காற்றுப்பட விரித்துச் சூடு தணியவிடவேண்டும். தணிந்தபின் எலும்பு நீக்கினால் எடையில் மூன்றிலொரு பங்கு அங்கேயே கழிந்துவிடும். ஆனால் கண்காணிப்பாளர் கேட்கும்போது விலங்கின் பாலையும் வயதையும் காட்ட வேண்டிவரும். கீழ்த்தாடை போன்ற எவ்வெவற்றைக் கொண்டுவர வேண்டும் என்று அப்பகுதி வேட்டைப் பொறுப்பாளரிடம் முன்னரே கேட்டறிந்த பின்பே எலும்பை விடுக. மான்களின் மூளையைத் தாக்கும் கொடிய நோயொன்று 2016 இல் நூர்ட்பியெல்லாப் பகுதியில், ஐரோப்பாவிலேயே முதன்முறையாக, கண்டறியப்பட்டது. 2020 இல் ஹர்டாங்கர்விட்டாவிலும் அது தென்பட்டது. அதனால் தலையிலிருந்து மாதிரி எடுத்துக் கையளிக்கும் ஒழுங்கு வந்தது. மாதிரிக்குரிய சிறு பைகளும் கையுறைகளும் சில கிராம்களே. மறந்தால் முழுத் தலையையும் சுமக்க நேரும். இறைச்சியை மூச்சு விடும் துணியில் கட்டுக. பிளாஸ்ரிக் வேண்டவே வேண்டாம்.

முதற் பயணத்தின் பின் வந்த குளிர்காலத்தில் நாம் தேர்வெழுதினோம். அடுத்த இலையுதிர்காலத்தில் அதே கிழவருடன் அதே நிலையத்தில் இறங்கினோம். அம்முறை தராசு காட்டியவை: பை 1.8, கூடாரத்தின் பங்கு 1.1, நித்திரைப்பை 1.1, பாய் 0.4, அடுப்பும் வாயுவும் பாத்திரமும் 0.5, மூன்று நாள் உணவு 2, மேலங்கியும் மழையங்கியும் மாற்றுடையும் 1.6, காப்புப் பொருட்கள் 0.8, தொலைநோக்கி 0.5, தேநீர்க் குடுவை 1, கத்தி, கயிறு, துணி என்று பிற 0.7. ஆக 11.5 கிலோ. துவக்கு 3.4. எல்லாம் சேர்ந்து 15 கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

திரும்பும்போது எமது பங்கான 11 கிலோ இறைச்சியையும் ஏற்றினோம். மொத்தம் 26 கிலோ. முதலாண்டில் வெறும் பையாக நாம் தூக்கிச் சென்றதைவிட இரண்டு கிலோ குறைவு. ஒரே நடையில், இருட்டுமுன் வீதியை அடைந்தோம். கிழவர் எமது பையைத் தூக்கிப் பார்த்தார். அம்முறையும் ஒன்றும் சொல்லவில்லை; தமது குடுவையிலிருந்து எமக்கு முதலில் ஊற்றினார்.

இறைச்சி கட்டிய துணி எது என்று வீட்டில் விசாரணை நடந்தது. முதலாண்டு போர்த்துப் படுக்கவென்று கொண்டுபோன அந்தப் பருத்தி விரிப்பைத்தான் நான்காகக் கிழித்துப் பையாகத் தைத்திருந்தோம். துவைத்தால் மீண்டும் உதவும். எடை நான்கும் சேர்ந்து 400 கிராம்.